ஐம்பத்தெட்டு மாடி நிழல்

உப்புமேட்டுக் குப்பத்தில், கடற்கரைச் சாலைக்கு மேற்கே பழைய உப்புக் கிடங்கு இருந்த காலி மனையில், ஐம்பத்தெட்டு மாடிக் கட்டடம் ஒன்று கட்ட உத்தேசித்திருப்பதாகவும், பொதுமக்கள் அதைப் பற்றிய தங்கள் கருத்தை நாற்பத்தைந்து நாட்களுக்குள் தெரிவிக்கலாம் என்றும் எழுதிய ஒரு பலகையைச் செவ்வாய்க்கிழமை காலையில் நட்டுவிட்டுப் போனார்கள். அன்று மதியம் இரண்டரை மணிக்கெல்லாம் அந்தக் கட்டடத்தின் நிழல் வந்து மணலில் விழுந்துவிட்டது. கட்டடம் வரவில்லை, ஒரு செங்கல்கூட வரவில்லை, மனையில் எருக்கஞ்செடியும் இரண்டு நாய்களும்தான் இருந்தன. நிழல் மட்டும் முந்திக்கொண்டு, சாலையைத் தாண்டி, ஐஸ் கடையைத் தாண்டி, கரையேற்றி வைத்த படகுகளைத் தாண்டி, பெண்கள் கருவாடு காயவைக்கும் களத்தின்மேல் நீட்டிப் படுத்துக்கொண்டது.

தேசம்மா அப்போது குனிந்து நெத்திலியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதுகில் சுட்டுக்கொண்டிருந்த வெயில் சட்டென்று நின்றது. மேகமாக்கும் என்று அண்ணாந்து பார்த்தால் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கீழே பார்த்தாள். நிழலில் மாடி மாடியாகக் கோடுகள், கோட்டுக்குக் கோடு சன்னல்கள், ஒவ்வொரு சன்னலுக்கும் ஒரு சின்னச் சதுர வெளிச்சம்.

"இன்னாக்கா இது?" என்றாள் பக்கத்துக் களத்தில் காயவைக்கும் மோகனா.

"பில்டிங்கு."

"எங்க கீது?"

"இனிமேதான் வரும்போல" என்று சொல்லிவிட்டு, தேசம்மா நெத்திலியைக் கூடையில் வாரத் தொடங்கினாள்.

வேறு இடத்துக்கு மாற்றிப் போட்டுவிட முடியாது. அந்தக் குப்பத்தில் மாசி மகம் கழிந்த மறுநாள் சீட்டுக் குலுக்கிக் களத்தைப் பிரிப்பார்கள். யாருக்கு எந்த இடம் விழுகிறதோ அடுத்த மாசி வரைக்கும் அந்த இடம்தான். கூடப்பிறந்தவளாக இருந்தாலும் மாற்றிக் கேட்கிற வழக்கமில்லை. தேசம்மாவுக்கு அந்த வருஷம் விழுந்தது காலை முதல் சாயங்காலம் வரை வெயில் விழுகிற, மற்றவர்கள் வயிறெரிந்த நல்ல இடம். இப்போது அது சரியாக நாற்பத்தொன்றாவது மாடியில் இருந்தது. நெத்திலிக்கு முழுப் பகல் வெயில் வேண்டும். இரண்டரை மணிக்கே நிழல் மூடிவிட்டால் மறுநாள் காலையில் கையில் பிசுபிசுக்கும், அதற்கு மறுநாள் நாற்றம் சாலை வரைக்கும் போகும்.

முதல் வாரம் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் வேடிக்கை பார்க்க யாருக்கும் நேரமில்லை, ஆளாளுக்கு நிழலில் ஒரு வேலை வந்துவிட்டது. ஐஸ்காரர் பெட்டிகளைப் பன்னிரண்டாவது மாடிக்கு இழுத்துக்கொண்டார், பாதிக்குப் பாதி உருகாமல் நின்றது. கேரம் போர்டு இருபதாவது மாடிக்கு வந்தது, அதன் பின்னாலேயே டீக்கடை வந்தது, டீக்கடை பின்னாலேயே ஆட்டோக்கள் வந்தன, பிள்ளைகள் சன்னல் வெளிச்சங்களில் ஒற்றைக்காலால் தாவிப் பாண்டி ஆடினார்கள். "எங்க கீற?" என்று செல்போனில் கேட்டால் "இருபத்தஞ்சாவது மாடியில" என்று பதில் சொல்லிவிட்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குள்ளிருந்து கார்கள் வந்தன. வீடு வாங்க முன்பதிவு செய்திருந்தவர்கள் கையில் வரைபடத்தை வைத்துக்கொண்டு மணலில் மாடிகளை எண்ணி நடந்து, தங்கள் மாடி வந்ததும் நின்று, கிழக்கு எது என்று பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். நாற்பத்தொன்றாவது மாடிக்காரர்கள் ஒரு வங்கி அதிகாரியும் அவர் மனைவியும். அந்த அம்மாள் ஒரு பெட்ஷீட்டை விரித்து உட்கார்ந்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஏம்மா, எங்க ஹால்ல மீன் காயப் போட்டிருக்கீங்களே, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கக் கூடாதா?"

"எவ்ளோ தூரம்மா உங்க ஹாலு?"

"இதோ, இந்த ஜன்னல் வரைக்கும்."

"அதுக்கப்பால?"

"அது எங்க பெட்ரூம்" என்றார் வங்கி அதிகாரி.

தேசம்மா கூடையைத் தூக்கி அவர்களுடைய பால்கனியில் வைத்தாள். பால்கனி நன்றாகக் காற்றாட இருந்தது.

இதுவரைக்கும் நஷ்டம் மட்டும்தான் என்றால் தேசம்மாவும் மற்றவர்களைப் போல மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். அவளுக்கு வேறொன்று நடந்தது. அவள் புருஷன் முனிரத்தினம் மூன்று வருஷத்துக்கு முன்னால் படகில் அடுப்பு வெடித்து, கழுத்திலிருந்து விரல் வரைக்கும் இடது பக்கமெல்லாம் வெந்து, பிழைத்து வந்தவன். வந்த புதுத்தோல்மேல் வெயில் படக்கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பட்டால் கொதிக்கிற எண்ணெய் தெறித்த மாதிரி துடிப்பான். குடை பிடித்துப் பார்த்தார்கள், குடைக்குக் கீழேயும் மணலின் சூடு ஏறி வந்தது. அதனால் பகல் முழுக்க ஒற்றை அறைக்குள் சன்னலைச் சாத்திக்கொண்டு கிடப்பான், விளக்கு வைத்த பிறகு வெளியே வந்தால் பேசுவதற்கு ஆளிருக்காது, விடியலில் கடலுக்குப் போகிறவர்கள் தூங்கப் போயிருப்பார்கள். கரையில் ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்தவன், எட்டு ஆளுயர மீனைப் பிடித்துவிட்டு ஈவிரக்கம் பார்த்து விட்டுவிட்டதாகக் கூசாமல் சொல்லுகிறவன், மூன்று வருஷத்தில் சோறு, தண்ணி, சரி என்ற மூன்று சொற்களுக்கு வந்திருந்தான்.

நிழல் வந்து பத்தாம் நாள், குப்பத்து வீட்டு வாசல் வரைக்கும் மணல் குளிர்ந்து கிடக்கிறது என்று யாரோ சொல்ல, முனிரத்தினம் கதவைத் திறந்து முதலில் ஒரு காலை வைத்தான். பிறகு மற்றக் காலை வைத்தான். பிறகு ஐஸ் பெட்டிகளைத் தாண்டி, கேரம் போர்டைத் தாண்டி, மூன்று வருஷமாக மதியத்தைப் பார்த்திராதவன் மதியம் மூன்று மணிக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்து, நாற்பத்தொன்றாவது மாடியில் பெண்டாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "காத்து நல்லா கீதும்மே" என்றான். அரைமணி நேரத்தில் அவனைச் சுற்றிப் பதினைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டு ஆளுயர மீன் பன்னிரண்டு ஆளுயரம் ஆகியிருந்தது.

தேசம்மாவுக்கு அழுகை வந்தது. நெத்திலி கெட்டுப்போச்சு, அதான், என்று மோகனாவிடம் சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் கெட்டுப்போன மீனை அவன் வருவதற்கு முன்னால் மணலில் புதைத்துவிடக் கற்றுக்கொண்டாள்.

இதற்கிடையில் நிழல் ஒரே அளவில் நிற்கவில்லை என்பதைப் பிள்ளைகள்தான் எண்ணிச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் 'கட்டடம் வேண்டுமா, வேண்டாமா' என்று ஆட்களைக் கூட்டிக் கத்தவிட்ட நாளில் அது ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே ஊஞ்சலாடியது. இப்படியொரு உயரம் நம் ஊரில் வருகிறதே என்று நகரம் பெருமை கொண்டாடிய வாரம் எழுபத்து மூன்று மாடி வந்து, நுனி கடலில் நனைந்தது. கட்டடம் கட்டப்போகிற கம்பெனி உடனே தன் விண்ணப்பத்தைத் திருத்தி எழுபத்து மூன்று என்று போட்டுக்கொண்டது. ஆக, மக்களுடைய கருத்து எவ்வளவோ அவ்வளவு நீளம். குப்பத்துக்காரர்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது. எதிர்ப்பு வலுத்தால் நிழல் தானாகச் சுருங்கிப் போய்விடும், கட்டடமும் அதோடு போய்விடும் என்று ஊர்த் தலைவர் கஜபதி ஒரு கூட்டம் போட்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு, எல்லார் முன்னாலும், கடலைக் காட்டிக் கையை உயர்த்தி, "உயிரே போனாலும் இந்தக் கட்டடத்த உட மாட்டோம்" என்றார். நிழல் ஒரு மாடி வளர்ந்தது.

கஜபதி தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் உரக்கச் சொன்னார். இன்னும் இரண்டு மாடி வளர்ந்தது. அது வாய் பேசுவதைக் கேட்கிற நிழல் இல்லை, நெஞ்சில் இருப்பதைக் கேட்கிற நிழல் என்று அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அதன் பிறகு உப்புமேட்டுக் குப்பத்தில் எதிர்ப்புக் கூட்டங்கள் பொழுது சாய்ந்த பிறகே நடந்தன. வானம் மூடியிருக்கிற நாட்களில் பகலிலும் தைரியமாகப் பேசினார்கள்.

பிறகு நகரத்துக்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது. ஊரின் மறுபக்கத்தில் மொட்டைமாடியில் நீச்சல் குளத்தோடு இன்னும் உயரமான ஒன்று வருகிறது என்றதும் கார்கள் அங்கே போயின, வங்கி அதிகாரியும் மனைவியும் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டு போனார்கள், தொலைக்காட்சி ஒரு நடிகையின் கல்யாணத்துக்குப் போனது. முறைப்படி பார்த்தால் நிழல் அன்றைக்கே காணாமல் போயிருக்க வேண்டும். போகவில்லை. பழைய ஐம்பத்தெட்டு மாடிக்கு இறங்கி, அதற்குக் கீழே போகாமல் மணலில் கிடந்தது. இனி அது முழுக்க முழுக்கக் குப்பத்து நெஞ்சிலிருந்து விழுகிற நிழல் என்பது எல்லாருக்கும் தெரிந்தது, அதனால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கியது. அதிகாரிகள் வந்து உட்கார்ந்து கேட்பார்கள், எழுதிக்கொள்வார்கள். கடைசியாகப் பேச ஓர் ஆள் வேண்டும், எல்லாரையும்விட அதிகமாக அடிபட்ட ஆளாக இருக்க வேண்டும், கெட்டுப்போன மீனை ஒரு கூடை கொண்டுபோய் மேசைமேல் கொட்ட வேண்டும் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முடிவு செய்தார்கள். களத்தில் ஒருநாள்கூட வெயில் முழுதாகக் கிடைக்காதவள் தேசம்மா ஒருத்திதான்.

"நீ பேசினா நெழலு பத்து மாடி எறங்கிடும்க்கா" என்றாள் மோகனா. "உனக்குக் கீற ஆத்திரம் யாருக்கு வரும்?"

"ஆமா" என்றாள் தேசம்மா.

கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் தேசம்மா தன் கருத்தை மாற்றிக்கொள்ள உழைத்தாள். விடியலில் எழுந்து, வாசல் தெளிக்கும்போதே, நாசமாப் போற நெழலு, கட்டையில போற நெழலு என்று தொடங்குவாள். போன வருஷம் இதே மாதம் எத்தனை கூடை காய்ந்தது, இந்த வருஷம் எத்தனை புதைத்தோம் என்று விரல்விட்டு எண்ணி வயிறெரியப் பார்ப்பாள். கட்டடம் வந்தால் குப்பத்தையே பெயர்த்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே, கடலே தெரியாத இடத்தில் போடுவார்கள் என்பதை நினைத்துப் பார்ப்பாள். அது பொய்யில்லை, நடக்கக்கூடியது. எல்லையம்மன் கோவிலில் போய், தாயே, இத நான் மனசார வெறுக்கணும் என்று எலுமிச்சம்பழ விளக்குப் போட்டாள். மதியம் வரைக்கும் வெறுப்பு நன்றாகவே நிற்கும். மூன்று மணிக்கு முனிரத்தினம் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு, மணலில் நடந்து வருவான். அதோடு போச்சு.

அவள் முகத்தை அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

வழக்கமாகக் காலை பதினொரு மணிக்கு நடக்கிற கூட்டத்தை, ஷாமியானா செலவு மிச்சம் என்று மதியம் மூன்று மணிக்கு நிழலிலேயே வைத்தார்கள். முப்பதாவது மாடியில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஓர் அதிகாரியம்மா உட்கார்ந்தார். அவர் முன்னால் இருந்த தாளில் இரண்டே கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் ஓரமாக உட்கார்ந்து நிழலின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு மைக் தேவைப்படவில்லை.

கஜபதி எழுந்து எதிர்க்கிறோம் என்றார், ஒரு மாடி ஏறியது. ஐஸ்காரர் எதிர்க்கிறேன் என்றார், இரண்டு மாடி ஏறியது. ஆட்டோக்காரர்கள் சேர்ந்து எதிர்த்தார்கள், ஐந்து ஏறியது. மோகனா எதிர்த்தபோது ஒன்று இறங்கியது, பிறகு அவள் வெட்கத்தோடு தரையைப் பார்க்க அது மறுபடி ஏறியது. அவள் அண்ணனுக்கு அங்கே வாட்ச்மேன் வேலை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இப்படி ஒருவர் விடாமல் எதிர்த்து எதிர்த்து அறுபத்தொன்பது மாடிக்குக் கொண்டுவந்தார்கள்.

"அம்மா, இந்த நெழலு..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"நிழல் சொல்றதை நான் எழுத முடியாதுங்க" என்றார் அதிகாரியம்மா. "நீங்க சொல்றதைத்தான் எழுத முடியும். அடுத்தவங்க வாங்க."

தேசம்மா கூடையோடு போனாள். மேசைமேல் கொட்டவில்லை, கீழே வைத்தாள். மைக்கைப் பிடித்தாள். எல்லாரும் அவளைப் பார்க்காமல் நிழலின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்பது நாளா மாத்திப் பாத்தேன்" என்றாள். "மாறல. பொய் சொன்னா அது வளரும், அதனால நெஜத்தச் சொல்லிடறேன். பில்டிங்கு எனக்கு வேணாம். இந்த நெழலு வேணும். என் வூட்டுக்காரரு மூணு வருஷம் கழிச்சி வெளிய வந்து உக்காந்து கீறாரு. எனக்கு வேணும்."

நிழல் அசையவில்லை.

"அப்படித் தனித்தனியா எழுத இடமில்லம்மா" என்றார் அதிகாரியம்மா, கொஞ்சம் இறங்கிய குரலில். "ஆதரவா, எதிர்ப்பா?"

தேசம்மா டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆதரவுன்னு எழுதிக்க."

"யக்கா!" என்று மோகனா கத்தினாள். "உன் புருஷன் ஒருத்தருக்காகக் குப்பமே தெருவுல நிக்கணுமா?" கூட்டம் எழுந்தது. நானூற்றுச் சொச்சம் எதிர்ப்புக்கு எதிரே அந்த ஒரே ஆதரவை அதிகாரியம்மா எழுதி முடிப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் தேசம்மாவைத் திட்டத் தொடங்கியிருந்தார்கள், கஜபதிதான் எல்லாரையும்விட உரக்கத் திட்டினார்.

முனிரத்தினம் டீக்கடைப் பெஞ்சிலிருந்து எழுந்தான். மைக்குக்குப் போகவில்லை. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, நிழலின் ஓரக் கோடு வரைக்கும் நடந்து, கோட்டைத் தாண்டி, கொதிக்கிற மணலில், முழு வெயிலில் போய் நின்றான். வெயில் கழுத்தில் பட்டதும் அவன் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டதை எல்லாரும் பார்த்தார்கள். திட்டு நின்றது.

"யோவ், உள்ள வாய்யா!" என்று அலறிக்கொண்டு தேசம்மா ஓடினாள்.

"நெழல்ல நின்னுகினு நெழலு வேணாம்னு சொன்னா எப்படிம்மே?" என்றான் அவன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான், ஆனாலும் கரையில் பழகிய குரல், மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "ஒரு மாசமா மீனப் பொதைச்சுகினு கீற. வெந்தது தோலுதான், மூக்கு நல்லாத்தான் கீது. அம்மா, எழுதிக்கோ. முனிரத்தினம். எனக்கு வேணாம்."

அறுபத்தொன்பது மாடி நிழல் ஒரே மூச்சில் ஒன்பது மாடி இறங்கியது.

அவன் உள்ளே வரவில்லை. தோல் சிவந்து, கையில் கொப்புளம் எழும்புவது நிழலில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. அப்போது கஜபதி மைக்கைப் பிடுங்கி, "வண்டி நிறுத்தற காண்ட்ராக்டு என் மருமவனுக்குத் தர்றதா சொன்னாங்க, அத நெனச்சிகினு இருந்தேன், இப்ப வேணாம்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தன் துண்டை நனைத்துக்கொண்டு அவனிடம் ஓடினார். நிழல் இறங்கியது. ஐஸ்காரர் தன் ஐஸைச் சொன்னார், மோகனா தன் அண்ணனைச் சொன்னாள், ஆட்டோக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சொன்னார்கள். சொல்லச் சொல்ல நிழல் பாய் சுருட்டுகிற மாதிரி மடமடவென்று பின்வாங்கி, களத்தை விட்டு, படகுகளை விட்டு, அதிகாரியம்மாவின் மேசையை விட்டு மேற்கே போனது. வெயில் எல்லார் தலையிலும் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு காரைத் தேடினார்கள்.

தேசம்மா புடவை முந்தானையை இரண்டு கையாலும் புருஷன்மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாரைக் கேட்டுய்யா சொன்ன?" என்று அடித் தொண்டையில் கேட்டுக்கொண்டே இருந்தாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன, அவள் எதையும் துடைத்துக்கொள்ளவில்லை.

முனிரத்தினம் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். கம்பெனி விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவுமில்லை, மேலே கொண்டுபோகவுமில்லை. முடிவு பின்னர் அறிவிக்கப்படும் என்று பலகைமேல் ஒரு காகிதம் ஒட்டினார்கள். களம் பழையபடி நாள் முழுக்க வெயிலில் கிடந்தது. அந்த மாதம் தேசம்மாவின் நெத்திலி கலகலவென்று காய்ந்தது.

சாலைக்கு இந்தப் பக்கம், ஐஸ் கடைக்குப் பின்னால், ஒரே ஒரு மாடி நிழல் மட்டும் போகாமல் நின்றுவிட்டது. இரண்டு கட்டில் போடுகிற இடம் இருக்கும். மூன்று மணிக்கு வரும், பொழுது சாய்ந்ததும் போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் முனிரத்தினம் குடையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து அதற்குள் போய் உட்கார்ந்தான், கஜபதி ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார், சிரிப்புச் சத்தம் களம் வரைக்கும் கேட்டது. அது யாருடைய கருத்து என்று குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். மாற்றிக்கொள்ளச் சொல்லி அவளிடம் யாரும் கேட்கவில்லை.